வசனம் மனப்பாடம், மனமோ பழையது: ரோமர் 12:2 குறித்து ஒரு கேள்வி

பொருநைக்கரையான் (கேள்வி):

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவன். வயது 52. நான்கு தலைமுறைகளாகச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. ஞாயிறு பள்ளி நாட்களில், பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் முழுவதையும் பார்க்காமல் ஒப்பித்து, சட்டைப்பையில் அடங்கும் புதிய ஏற்பாடு ஒன்றைப் பரிசாகப் பெற்றிருக்கிறேன். "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்ற வசனத்தை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். என் சங்கடமே அதுதான்.

நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சென்ற மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரு கோப்பில் தொகையை மாற்றி எழுதிவிட்டார். திருத்திக்கொள்ளக்கூடிய தவறுதான். ஆனால் பிரிவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி நான் கத்திவிட்டேன். திரும்ப எழுத முடியாத ஒரு சொல்லையும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் தலையைக் குனிந்தார். அவர் கண் போன இடத்தில், என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, புத்தாண்டு ஆராதனையில் இந்த ஆண்டுக்கு எனக்குக் கிடைத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இருந்தது. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்க வேண்டியது என் முறை. தொண்டை சரியில்லை என்று சொல்லி மனைவியை வாசிக்கச் சொன்னேன்.

இது முதல் முறை அன்று. கோபம் வந்தால் பத்து வரை எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். வசனத்தை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. மகளுக்கு வரன் பார்க்கும் அலைச்சலும், நம் ஆட்களுக்குள்ளேயே நல்ல ஜெபிக்கிற குடும்பமாக அமைய வேண்டுமே என்ற கவலையும் இப்போது சேர்ந்துகொண்டிருப்பதால் மனம் இன்னும் எளிதில் கலங்குகிறது என்பது உண்மை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல விரும்பவில்லை.

மனத்தைப் புதிதாக்குவது தேவனுடைய வேலை என்றால், பவுல் அதை ஏன் எனக்குக் கட்டளையாகச் சொல்கிறார்? என்னுடைய வேலை என்றால், 35 ஆண்டுகள் வேதம் வாசித்தும் ஏன் நடக்கவில்லை? கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாவது என்று பிரசங்கத்தில் கேட்பது, காலை பத்து மணிக்கு ஒரு கோப்பைத் திறக்கும்போது எந்த வடிவில் இருக்க வேண்டும்? அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

---

மூலமொழி மாணாக்கன்:

அன்புள்ள ஐயா, வேதபாட வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் முதலில் வசனத்தின் சொற்களுக்குள் போகிறேன். உங்கள் இரு கேள்விகளுக்கும் அந்த ஒரே வினைச்சொல்லில் பதில் இருப்பதாக நினைக்கிறேன்.

"மறுரூபமாகுங்கள்" என்பது கிரேக்கத்தில் ஒரே நேரத்தில் ஏவலாகவும் செயப்பாட்டுவினையாகவும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "மறுரூபமாக்கப்படுங்கள்" என்று வரும். செய்பவர் வேறொருவர், ஆனாலும் கட்டளை நமக்குத்தான். தமிழில் இது முரணாக ஒலிக்கலாம். ஆனால் உங்கள் ஊரில் பனையேறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பதநீரை உண்டாக்குவது அவர்கள் அல்ல, மரம் தருகிறது. ஆயினும் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டாவிட்டால், மரத்தில் எவ்வளவு சாறு இருந்தாலும் ஒரு சொட்டும் கீழே வராது. சில நாட்கள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்து அடைபட்டுப்போகும். அந்த ஏவல் தொடர்ந்து நடைபெறும் செயலைக் குறிக்கும் வடிவத்தில் இருப்பதும் இதனோடு பொருந்துகிறது. ஒருமுறை நடந்து முடிந்த சம்பவமாகப் பவுல் இதைப் பேசவில்லை.

அடுத்து "வேஷம்" என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் மிக நுட்பமாக வேலை செய்திருக்கிறார்கள். வேஷம் வெளியிலிருந்து பூசிக்கொள்வது; கூத்து முடிந்ததும் கலைத்துவிடலாம். மறுரூபமோ, மத்தேயு 17:2-இல் மலையின்மேல் இயேசுவுக்கு நேர்ந்ததைச் சொல்லும் அதே சொல். உள்ளே இருக்கும் மகிமை வெளியே தெரிவது. உபவாசமும் பணப்பை வசனமும் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் கணக்கை மாற்றாமல் வெளியே கோபத்தை மட்டும் அடக்கினால், பிரபஞ்சத்து வேஷத்தைக் களைந்துவிட்டுக் கிறிஸ்தவ வேஷம் தரிப்பதாகவே அது முடியும். இரண்டு மூன்று வாரங்களில் சாயம் போவதற்குக் காரணமும் அதுதான் என்பது என் எண்ணம்.

"பிரபஞ்சம்" என்றவுடன் என் வகுப்பில் இளைஞர்கள் விண்மீன்களையும் கோள்களையும் நினைக்கிறார்கள். மூலத்தில் உள்ள "ஆயோன்" என்ற சொல் யுகம், காலம் என்று பொருள்படும். கத்தோலிக்கரின் திருவிவிலியம் உலகத்தின் போக்கு என்ற பொருளில் அதைத் தருகிறது. எது பெருமை, எது அவமானம், யார் பெரியவர், யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் கூடாது என்று நம் காலமும் ஊரும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் கணக்கு அது. "மனம்" என்ற சொல்லும் இங்கே உணர்ச்சியைக் குறிக்கவில்லை. "நூஸ்" என்பது தீர்ப்புச் செய்யும் அறிவு. அதனால்தான் அதன் பலனாக, சித்தம் இன்னதென்று "பகுத்தறிவது" சொல்லப்படுகிறது. பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல் சோதித்துத் தெரிந்துகொள்வதற்கான சொல் அது.

ஆகவே உங்கள் கோபத்தைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். கத்துவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்: "என் மதிப்பைக் கெடுத்துவிட்டான்" என்றோ, "இவனெல்லாம் எனக்கு வேலை வைக்கிறான்" என்றோ. பத்து வரை எண்ணுவது அந்தத் தீர்ப்பைத் தொடுவதே இல்லை. அதை நிறைவேற்றுவதைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது" என்று பிலிப்பியருக்கு எழுதும்போது, அந்தச் சிந்தை இன்னதென்று பவுலே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறார்: தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல், தம்மைத்தாமே வெறுமையாக்கினவருடைய சிந்தை. மதிப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் கை தளர்வதுதான் காலை பத்து மணிக்குக் கோப்பின் முன்னால் அது எடுக்கும் வடிவம்.

35 ஆண்டுகள் குறித்து ஒரு வார்த்தை. சபைப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீன் 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் இரண்டு வசனங்களை வாசித்து மனந்திரும்பினார் என்பது எல்லோரும் பிரசங்கத்தில் கேட்டது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடந்தபின், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் பிஷப்பாக இருந்துகொண்டே, பழைய பழக்கத்தின் உருவங்கள் தன் உறக்கத்தில் இன்னமும் வருகின்றன என்று அவர் எழுதியதைப் பிரசங்கத்தில் அவ்வளவாகச் சொல்வதில்லை. உங்கள் போராட்டம் தொடர்வது, மனம் புதிதாகத் தொடங்கவே இல்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. அன்று இரவு உங்களால் வேதம் வாசிக்க முடியாமல் போனதே, அதை நான் ஒரு நல்ல குறியாகவே பார்க்கிறேன்.

---

மார்த்தாளின் அடுக்களை:

தம்பி, நான் நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எனக்குக் கிரேக்கம் தெரியாது. முந்தைய பதிவில் சொல்லப்பட்டதை மறுக்கவும் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தால், உள்ளே என்ன தீர்ப்பு இருக்கிறது என்று நாள் முழுவதும் நம்மையே துருவிக்கொண்டிருப்போம். அது ஒரு தனி வியாதி. எனக்கு அது வந்து போயிருக்கிறது.

என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். உடல் நலமாக இருந்த காலத்தில் என்னை அவர்கள் நடத்திய விதம் வேறு கதை. அதை இங்கே எழுதப்போவதில்லை. காலையில் பள்ளிக்குப் போகுமுன் அவர்களைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போக வேண்டும். கைகள் வேலை செய்யும். உள்ளே பழைய கணக்குப் புத்தகம் விரிந்துகொண்டே இருக்கும். மனத்தை மாற்றும் ஆண்டவரே என்று எவ்வளவோ அழுது ஜெபித்தும் அன்பு என்ற உணர்வு எனக்கு வரவில்லை. எங்கள் சபையில் அப்போது இருந்த ஆயரம்மா (ஆயரின் மனைவி) ஒரு நாள் என்னிடம், "உணர்வு வரும்வரை காத்திருக்காதே, துடைக்கிற நேரத்தில் வாயால் 103-ஆம் சங்கீதத்தைச் சொல், அவர்கள் காதில் விழும்படி சொல்" என்றார்கள். எரிச்சலோடுதான் தொடங்கினேன். மாதங்கள் கழித்து ஒரு காலையில் "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று நான் சொல்லி நிறுத்தியபோது, தெளிவாக ஒரு சொல்லும் பேச முடியாதிருந்த அவர்கள், "என் முழு உள்ளமே" என்று குழறியபடி அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு போனவர்களுக்கும் சிறு வயதில் மனப்பாடம் செய்தது தங்கியிருக்கும் என்று மருத்துவர் பிற்பாடு விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தாலும், அன்றைக்கு என் கையின் அழுத்தம் மாறியது. துடைக்கும் துணியைத் தண்ணீரில் நனைக்கும்முன் சூடு பார்க்கத் தொடங்கினேன். அதுவரை பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ரோமர் 12-ஐ மனப்பாடம் செய்த உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாம் வசனத்தில் மனம் வருவதற்கு முன்பே முதல் வசனத்தில் சரீரம் வந்துவிடுகிறது: "உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்." கையும் வாயும் காலும் முதலில் பலிபீடத்துக்குப் போகட்டும்; மனம் பின்னால் வந்து சேரும். எபேசியர் 4-ஆம் அதிகாரத்திலும் பழைய மனுஷனைக் களைந்துபோடுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் பவுல் அப்படியே விடவில்லை. பொய்யைக் களைந்தவன் மெய்யைப் பேச வேண்டும். திருடினவன் திருடாமலிருந்தால் மட்டும் போதாது. கைகளினால் வேலை செய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கிற அளவுக்கு வர வேண்டும். கெட்ட வார்த்தை புறப்பட்ட அதே வாயிலிருந்து, கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமான நல்ல வார்த்தை புறப்பட வேண்டும். நீங்கள் இதுவரை கத்தாமல் இருக்க மட்டும் முயன்றிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசித்தீர்களா?

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனி அறைக்கு அழைத்து அல்ல. எத்தனை பேர் முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேர் முன்னால் கேளுங்கள். தனியாகக் கேட்கும் மன்னிப்பில் உங்கள் மதிப்பு பத்திரமாக இருக்கும். அவனுடைய மதிப்பு திரும்பி வராது. பிறகு அந்த வேலையை அவனுக்கு அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தபின் மனம் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் அட்டைகளில் "ஆசீர்வதிப்பேன்", "உயர்த்துவேன்" என்றுதான் இருக்கும். "உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று அச்சிட்ட அட்டையை என் 67 வயதுவரை நான் எடுத்ததில்லை.

---

பட்டணத்து விசுவாசி:

மற்றவர்கள் எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்றும் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்திருந்தபோது தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. உறங்கவிட்டு, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் இரண்டு முறை கொடுத்தான். தேவன் அவரோடு பேசியது பிறகு ஓரேப் மலையில்தான்.

---

கரிசல் விசுவாசி:

ஐயா, உங்களை நோகடிக்க எழுதவில்லை. ஆனால் உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் என் கண் நின்ற இடம் உங்கள் கோபம் அன்று. "நம் ஆட்களுக்குள்ளேயே நல்ல ஜெபிக்கிற குடும்பமாக" என்று போகிற போக்கில் எழுதிய தொடர்தான். யாரும் அதை எடுத்துப் பேசாததால் நான் பேசுகிறேன்.

நம் ஆட்கள் என்றால் யார்? விசுவாசிகள் என்றால் "ஜெபிக்கிற குடும்பம்" என்பதிலேயே அது அடங்கிவிட்டது. அதற்கும் மேலாக ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. அது என்ன சொல் என்று நெல்லைச் சீமையில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோபம் உங்களுக்கு வெட்கத்தைத் தருகிறது; அதனால் அதைப் பாவம் என்று அடையாளம் கண்டு, இங்கே எழுதி உதவி கேட்கிறீர்கள். இதுவோ வெட்கம் தரவில்லை. கவலை என்ற பெயரில், ஜெபக் குறிப்பு என்ற மரியாதையான உடையில் வந்துவிட்டது. இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் என்று பவுல் சொன்னதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முகத்தோடு ஒட்டிப்போனதால் வேஷம் என்றே தெரிவதில்லை.

கொலோசெயர் 3:10-இல் "தன்னைச் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கொப்பாய்ப் பூரண அறிவடையும்படி புதிதாக்கப்பட்ட புதிய மனுஷனை" தரித்துக்கொள்வது பற்றிப் படிக்கிறோம். கிறிஸ்துவின் சாயலைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே முற்றுப்பெறுகின்றன. அடுத்த வசனம் "அதிலே கிரேக்கனென்றும் யூதனென்றுமில்லை" என்று தொடங்குகிறது. புதிதான மனத்தின் முதல் விளைவாகப் பவுல் சொல்வது மன அமைதியை அன்று. யாரோடு யார் உட்காரலாம் என்ற கணக்கு அழிவதை.

இதில் அப்போஸ்தலன் பேதுருவே தடுக்கி விழுந்தவர். யோப்பாவில் வீட்டின்மேல் ஜெபிக்கும்போது சகலவித மிருகங்களும் இருந்த துப்பட்டி மூன்று முறை இறங்கிவந்ததைத் தரிசனத்தில் கண்டு, யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டில், "எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்றும் அசுத்தனென்றும் நான் சொல்லாதபடிக்கு தேவன் எனக்குக் காண்பித்திருக்கிறார்" என்று சொன்னவர் அவர். அதே பேதுரு அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடன் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். உபதேசத்தில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை; "என்ன நினைப்பார்கள்" என்ற பயம் இருந்தது. அதைச் சரிசெய்தது அவருடைய தனிஜெபம் என்று வேதம் சொல்லவில்லை. பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்றுதான் கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. ரோமர் 12:2-இல் "உங்கள்" என்பதும் பன்மைதான். ஒருவன் தன் அறையில் தனியே முடித்துக்கொள்ளும் காரியமாக அதைப் பவுல் எழுதியிருந்தால், 14-ஆம் அதிகாரத்தில் மரக்கறி சாப்பிடுகிறவனும் எல்லாம் சாப்பிடுகிறவனும் ஒருவரையொருவர் எப்படி நடத்துவது என்று அவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

நம் சபை வரலாற்றையும் பாருங்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கத்தை விடமாட்டோம் என்று நின்றவர்களில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். மிஷனெரி சுவார்ட்சு ஐயரின் கையில் வளர்ந்தவர். அவருடைய பாடல்களை நாம் இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம், நானும் பாடுகிறேன். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்குத் தகுதியில்லை. அவ்வளவு ஆழமான பக்தியும் அந்த ஓர் அறைக்குள் விளக்கை எடுத்துப் போகவில்லை என்பதே என்னைப் பயமுறுத்துகிறது. இது ஒரு சபைப்பிரிவின் குற்றமும் அன்று: வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்களாகக் கட்டப்பட்டது, இரு சாதித் தரப்பாரும் ஒருவரையொருவர் பாராமல் பலிபூசை காண்பதற்காக.

நான் எந்தத் தரப்பிலிருந்து எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். சொல்லமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டபின் என் பதிவின் எடை உங்கள் மனத்தில் கூடினாலோ குறைந்தாலோ, அதுவும் இந்த இழையின் பொருள்தான்.

---

பொருநைக்கரையான்:

பதில் எழுத ஒன்பது நாட்கள் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கரிசல் விசுவாசி ஐயாவுக்கு அன்றிரவே ஒரு நீண்ட மறுப்பு எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் வேற்றுமை பார்ப்பதில்லை, எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள், திருமணம் என்பது பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டிய காரியம் என்றெல்லாம் அதில் இருந்தது. அனுப்புமுன், மூலமொழி மாணாக்கன் சொன்னபடி என் கோபத்தைப் பின்னோக்கி நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதை இங்கே எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

அதே போன்ற தவறை, தொகை இன்னும் பெரியதாக, எனக்கு இணையான பதவியில் இருக்கும் ஒருவர் போன ஆண்டு செய்தார். நான் சிரித்துக்கொண்டே திருத்திக்கொடுத்து, தேநீரும் வாங்கிக்கொடுத்தேன். அவர் எங்கள் சபைக்காரர். தூரத்து உறவும் கூட. இந்த இளைஞர் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்பதை அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஏன் விசாரித்தேன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டதில்லை. நான் சொன்ன அந்தத் திரும்ப எழுத முடியாத சொல், என் உறவினரை நோக்கி என் வாயில் வந்திருக்கவே வந்திருக்காது. 35 ஆண்டுகளாகக் கோபத்துக்காக உபவாசம் இருந்தேன். கோபம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. மேட்டிலிருக்கிறவர்களை நோக்கி அது ஒருபோதும் ஏறியதில்லை.

மறுப்பை அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் வந்து உட்கார்ந்தபின், எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சொன்னபடி எல்லோர் முன்னிலையிலும்தான். அந்தச் சொல்லைச் சொன்னது பிழை என்று, சொல்லைத் திரும்ப உச்சரிக்காமல், தெளிவாகவே சொன்னேன். அவர் "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எதிர்பார்த்தது அதைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிவில் ஒருவர், சார் ஏதோ கூட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார் என்று பின்னால் சொன்னது காதில் விழுந்தது, கோபம் வந்தது. வந்ததை எழுதிவைக்கிறேன், மறைக்கவில்லை.

வீட்டில் வரன் பற்றிய பேச்சை மனைவியிடம் எடுத்தேன். நாம் பதிவு செய்திருக்கும் விவரத்தில் சாதிக்கு நேராக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்கள் அண்ணனுக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு எழுந்து விலகியது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. வந்தவர்கள் அந்நியர்கள் அல்லவே, அவருடைய சொந்த மனிதர்கள்.

---

மூலமொழி மாணாக்கன்:

ஐயா, என் பதிவில் "யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் கூடாது" என்று எழுதியவன் நான்தான். எழுதிய கையோடு உங்கள் கோபத்தை "மதிப்பு" என்ற பொதுவான சொல்லில் அடக்கிவிட்டேன். அந்த இளைஞர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கரிசல் விசுவாசிக்கு நன்றி. வகுப்பில் இந்த அதிகாரத்தை அடுத்த முறை எடுக்கும்போது, "தாழ்மையானவர்களுக்கு இணங்குங்கள்" என்ற 16-ஆம் வசனத்தை இரண்டாம் வசனத்தோடு சேர்த்தே எடுக்கப்போகிறேன். இத்தனை நாளும் அதைத் தனித்தனி வாரங்களில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

---

மார்த்தாளின் அடுக்களை:

தம்பி, அந்தப் பிள்ளை "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டதற்கு வருத்தப்படாதீர்கள். உங்களை நம்புவதற்கு அவனுக்கு நாள் ஆகும். ஆகாமலே போகவும் அவனுக்கு உரிமை உண்டு. நீங்கள் அருகில் உட்கார்ந்து வேலையைச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பின்னால் கேலி பேசியவரின்மேல் கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது, ஆனால் அன்று கத்தினீர்களா இல்லையா என்று எழுதவில்லை. கத்தவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பது எனக்கும் தெரியாது. என் தங்கை மகன் திருமணத்தில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது; நான் அப்போது பேச வேண்டிய இடத்தில் பேசாமல் அடுக்களையில் நின்றுகொண்டேன். இன்னொன்று. வரனைப் பற்றி நீங்கள் பேசினீர்கள், உங்கள் மனைவி பேசினார்கள், உங்கள் அண்ணன் பேசப்போகிறார், நாங்களும் இவ்வளவு எழுதிவிட்டோம். உங்கள் மகள் இதில் என்ன நினைக்கிறாள் என்று இந்த இழையில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அவளிடம் கேட்டீர்களா?